இரண்டு மணிக்கட்டு

கீழக்கரையில் சீனி இபுராகிம் கடையில்
காத்தாடி ஓடுவதில்லை.
"போட்டா எல்லா மணமும் ஒண்ணாப் போயிரும்மா."
சித்திரை வெயிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
கண்ணாடிக் குச்சியைத் துடைக்கிறார்.

இடது மணிக்கட்டில் எலுமிச்சை.
வலதில் நாரத்தை.
"தேய்க்காதீங்க. இப்பவே வாங்கவும் வேணாம்.
ஒரு பஸ் தூரம் போயிட்டு யோசிங்க."

எலுமிச்சையிடம் யோசிக்க ஒன்றுமில்லை.
தோலைக் கிள்ளும்போது
கண்ணில் தெறிக்குமே, அந்தத் துளிதான் முழுவதும்.
நாரத்தை முதலில் வாயே திறக்கவில்லை.
அப்புறம் கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் இலை,
அப்புறம்
காய்ச்சல் விட்ட மறுநாள் கஞ்சிக்கு
நாக்கில் பட்ட முதல் உப்பு.

திருப்புல்லாணி தாண்டி
முகத்தைக் கையில் புதைத்திருந்தேன்.
அழுகிறேன் என்று நினைத்த பக்கத்து சீட்டுக்காரர்
தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.
வாங்கிக் குடித்தேன், வேறென்ன செய்ய.

ராமநாதபுரத்தில் பஸ் மாறினேன்.
பெயரிலேயே புளிப்பை வைத்திருக்கும் உச்சிப்புளியில்
எலுமிச்சை இறங்கிப் போய்விட்டது.
அதுவரைக்கும்தான் டிக்கெட் எடுத்திருந்தது போல.

மண்டபம். நண்டுக் கம்பெனி. இரண்டு மணி ஷிப்ட்.
வாசல் பலகையில்
பூ கூடாது வளையல் கூடாது பவுடர் கூடாது சென்ட் கூடாது.
முழங்கை வரை சோப்பு.
குளோரின் தண்ணீரில் முப்பது எண்ணும் வரை கை.
பிறகு வரிசை.
சூப்பர்வைசர் கிரிசில்டா ஒவ்வொரு கையாகக் குனிந்து முகர்வாள்.

என் இடதைத் தாண்டினாள்.
வலதில் நின்றாள்.
"இன்னொரு தடவை கழுவிட்டு வா"
என்றாள்,
கையை மட்டும் உடனே விடவில்லை.

வெந்த நண்டின் ஓட்டை உடைத்து
வெள்ளைச் சதையைக் கிண்ணத்தில் வழித்துக்கொண்டே இருந்தோம்.
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
இரவு கையுறையைக் கழற்றியபோது
இடது கை நண்டு.
வலது கையும் நண்டுதான்.
ஆனால் அதற்கும் அடியில்
பக்கத்து அறையில் யாரோ பழம் உரிக்கிறார்கள்.

கம்பெனி வேனில் ஏறும்போது
ஸ்கூட்டரை என் பக்கம் உருட்டி வந்தாள் கிரிசில்டா.
"அது என்னது?"
"நாரத்தை."
"எங்க?"
சொன்னேன்.
"வேலைக்கு அது ஆகாது, சொல்லிட்டேன்"
என்று ஹெல்மெட்டை மாட்டினாள்.

இரண்டு நாள் ஓவர்டைம் காசை எண்ணிக்கொண்டு
ஞாயிறு சாயங்காலம் கடைக்குப் போனேன்.
இபுராகிம் கையை விரித்தார்.
"நாரத்தை இருந்ததே ஒரு பாட்டில்.
காலையில ஒரு அம்மா வந்தாங்க.
மோந்துகூடப் பாக்கல, ஹெல்மெட்டும் கழட்டல.
அடுத்த சரக்கு ஆடியிலதான்."

நூற்று எண்பது ரூபாய்க்கு
எலுமிச்சையை வாங்கிக்கொண்டேன்.
மோசமில்லை. உச்சிப்புளி வரைக்கும் துணைக்கு வரும்.

திங்கட்கிழமை வரிசையில்
கிரிசில்டா என் கையை எடுத்துக் குனிந்தாள்.
எதுவும் இல்லை, சுத்தம்.

நான் மூச்சை மெதுவாக
அவள் காதோரத்திலிருந்து இழுத்தேன்.