கழற்றலாமா

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே
அதன் நினைவகத்தில் ஒரு துண்டைச் செருகலாம்,
ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவவும் செய்யலாம்,
பந்தியில் உட்கார்ந்தவர் யாரும் எழுந்துகொள்ளாமல்
மேசையிலிருந்து ஒரு பலகையை மட்டும் எடுப்பது மாதிரி.
அதற்காகக் கெர்னலுக்குள்
துண்டுக்கு ஒன்றாய்ச் சின்னச் சின்னக் கோப்புகள்.
கோப்பின் பெயர் கழற்றலாமா.
திறந்து படித்தால் ஒன்று, அல்லது சுழியம்.

பதின்மூன்று வருடங்களுக்கு முன் ஹினெக் எழுதியது.
தலைப்பில் அவன் கைப்பட ஒரு குறிப்பு: தற்காலிகம்.
ஹினெக் இப்போது ஒலோமோட்ஸில்
சைக்கிள் கடை வைத்திருக்கிறான்.
தற்காலிகம் இங்கேயே இருக்கிறது.

நேர்மையான நிரல். தொல்லையே அதுதான்.
கேட்டவர் யாராயிருந்தாலும்
முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் பக்கங்களையும்
வீடுவீடாகத் தட்டும்:
நீ நகர்வாயா?
உன்னை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?
கடைசி வீட்டைத் தட்டிவிட்டு
ஆம் என்று சொல்லத் திரும்புவதற்குள்
முதல் வீட்டில் வேறு யாரோ
பால் காய்ச்சிக் குடிவந்திருப்பார்கள்.
போன பிப்ரவரியில் ஒருநாள்
தட்டிக்கொண்டிருக்கையிலேயே தெரு காணாமல் போக
சர்வர் குப்புற விழுந்தது.

கோப்பையே தூக்கிவிட்டேன்.
ஐந்தாம் நாள் லின்ஸிலிருந்து ரைன்ஹில்ட் கூப்பிட்டாள்,
காப்பீட்டு நிறுவனத்தின் இரவு ஷிஃப்ட்.
சோதனைப் பதிப்பில் அந்தக் கோப்பைக் காணோம்,
எங்கள் நிரல் செத்துப்போய்விட்டது, என்றாள்.
பதிலை வைத்து என்ன செய்கிறீர்கள்?
கொஞ்ச நேரம் விசைகள் தட்டுப்படும் ஓசை.
ஒன்றும் செய்வதில்லை. பதிவேட்டில் குறித்துக்கொள்கிறோம்.
பதிவேட்டை யார் படிப்பது?
யாரும் படிப்பதில்லை.
ஆனால் மணிக்கொரு தரம் கேட்போம்.
யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

ஆக, கழற்றலாமா என்று பெயர் வைத்ததை மட்டும்
கழற்ற முடியாது.

அன்றிரவு ஒன்பதரைக்குப் படியிறங்கினேன்.
வாசல் காவலர் ஷெபெஸ்டா வழக்கம்போல் கேட்டார்:
மேலே ஜன்னலெல்லாம் சாத்தியாச்சா?
சாத்தியாச்சு.
எட்டு வருடமாய் இதே கேள்வி, இதே பதில்.
ஒருநாளும் நான் ஜன்னல் பக்கம் போனதில்லை.
அவர் தலையாட்டிவிட்டு
டார்ச்சை எடுத்துக்கொண்டு
எப்போதும்போல் மாடியேறினார்,
கொண்டி கொண்டியாய் இழுத்துப் பார்க்க.

பன்னிரண்டாம் எண் டிராம்
பனிச்சகதியைத் தெறித்துக்கொண்டு வந்து நின்றது.
ஏறாமல் திரும்பினேன்.
இரண்டாம் மாடியில் ஷெபெஸ்டா வியந்தார்: என்ன விஷயம்?
ஒரு ஜன்னல், என்றேன்.

அறுபத்தொரு வரிகள் போயின.
கதவு தட்டும் சுற்று,
அதைக் காக்கும் பூட்டு,
பூட்டைக் காக்க இன்னொரு பூட்டு,
ஹினெக்கின் தற்காலிகம்.
மிஞ்சியது ஒரே வரி.
யார் கேட்டாலும், எந்நேரம் கேட்டாலும், ஒன்று.

கழற்றலாமா? கழற்றிப் பார்.
வராதென்றால்
இழுக்கிற கைக்குத் தெரிந்துவிடும்.

ஒசாகாவில் மொரிவாக்கி இரண்டு நாள் யோசித்துவிட்டு
ஒரு கேள்வி அனுப்பினார்:
அப்படியென்றால் இது பொய் இல்லையா?
நிரலைவிடப் பதிலுக்கு அதிக நேரம் பிடித்தது.
கடைசியில் இப்படி எழுதினேன்:
இந்தக் கோப்புக்கு இனி எதுவும் தெரியாது.
பழைய விருந்தாளிகள் வந்தால்
கதவு திறக்க மட்டும் இருக்கிறது.
அவர் ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டு
ஒப்பமிட்டார்.

ஹினெக்குக்கும் அனுப்பிவைத்தேன்.
அப்போதே செய்திருக்கலாம், என்று பதில் வந்தது.
அதற்கடுத்த வரி:
உன் சைக்கிளின் பின்சக்கரம் எப்படி ஓடுகிறது?

நன்றாக ஓடுகிறது, என்று எழுதினேன்.
நிலவறையிலிருந்து அதை வெளியே எடுத்து
ஒரு வருடமாகிறது.