கீழ் விளிம்பில் இரண்டங்குலம்

என் கடையில் சட்டத்துக்குள் போகிறவர்கள்
பெரும்பாலும் இறந்தவர்கள்.
மீதிப்பேர் பட்டம் வாங்கியவர்கள்.
கச்சான் அடிக்கிற மாதங்களில்
இருசாரார் மேலும் உப்பு
ஒன்றுபோலத்தான் படியும் கீழக்கரையில்.

ஜெய்த்தூன் கொண்டுவந்தது வேறு.
ஹாங்காங்கிலிருந்து யாரோ ஒருவர் பெட்டியில்,
பிஸ்தாவுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே
குழலுக்குள் சுருண்டு வந்த தாள்.
‘அவுக அனுப்புனது.
இங்கிலாந்துல நூத்தம்பது வருசத்துக்கு முந்தி
வரைஞ்சதாம். பேரு தெரியாது.’
ஓவியன் பேரா, அவள் பேரா,
நான் கேட்கவில்லை.

மூலைக்கொரு சங்கு வைத்து விரித்தேன்.
செம்புக் கம்பியை முறுக்கவிழ்த்தது போல் கூந்தல்.
அந்தத் தலையைத் தாங்கவென்றே செய்த கழுத்து.
கஞ்சிப்பாசி காயும்முன் இருக்கும் பச்சையில்
கனத்த உடுப்பு.

வரைந்தவன் எதற்கும் இரக்கம் காட்டவில்லை.
கொடியில் இலை இலையாக நரம்பு.
இப்போதுதான் அணைந்த மெழுகுவத்தி,
புகை இன்னும் திரியை விடவில்லை.
பாதி உரித்து மறந்த எலுமிச்சை.
பின்சுவரின் வட்டக் கண்ணாடியில் ஒரு கடல்,
அதில் கப்பல் இல்லை.
ஒவ்வொன்றும் ஏதோ சொல்லத்தான் இருக்கிறது;
சொல்லாமல் இருப்பதற்கும்.

அவள் அழவில்லை.
அழுகை முடிந்து முகம் கழுவி
அடுத்து என்ன என்று தெரியாத வாய்.
சோகம் என்பார்கள்.
எனக்கென்னவோ, பகல் முழுக்க
ஒரே பக்கம் திரும்பி உட்காரச் சொல்லப்பட்டவளின்
கழுத்துவலி அது.
இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்:
நெய்தலின் உரிப்பொருள் யாது?
இரங்கல் என்று எழுதிவிட்டு
சட்டம் அடிக்க வந்தவன் நான்.
தமிழில் எனக்கு வேறெதுவும் நிற்கவில்லை,
இன்னொரு சொல்லைத் தவிர.

ஜெய்த்தூனின் விரல் கீழ்விளிம்புக்குப் போனது.
தரையில் ஒரு கையுறை. ஆணுடையது. இடக்கை.
அதன்மேல் அவள் செருப்பின் நுனி.
மிதிக்கிறாளா,
காற்றில் போய்விடாமல் பிடித்திருக்கிறாளா,
குனிந்து பார்த்தும் விளங்கவில்லை.

‘இது மட்டும் தெரியக்கூடாது அண்ணே.’

ஹாலில் மாட்டப்போவதில்லை, உருவப்படம்.
அவள் அறையில், பீரோவுக்குப் பக்கத்தில்.
‘அங்க யாரும்மா பாக்கப்போறா?’

‘நான்தான்.’

அதற்குமேல் அளவுகோலை எடுப்பதுதான் மரியாதை.
வெள்ளை மவுண்ட் அட்டையில்
மூன்று பக்கமும் ஓரங்குலம்,
கீழே மட்டும் மூன்று.
பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் ஏதோ இடறும்,
எதுவென்று தெரியாது.
தாளில் கத்தி படவில்லை.

மறந்துபோகாத அந்தச் சொல் இதுதான்.
தலைவியைக் காண வருகிறவன்
கையில் கொண்டுவரும் பரிசுக்கும்
கையுறை என்றுதான் பெயர்.
தழையோ பூவோ.
வாங்கலாம், வேண்டாமென்று தள்ளலாம்.
அட்டைக்கு அடியில் வைக்கலாம் என்பதற்குத்
துறை ஏதும் படித்த நினைவில்லை.

ஆவணியில் திரும்ப வந்தாள்.
கண்ணாடிக்கு உள்பக்கம் பூத்துவிட்டது,
மாற்ற வேண்டும்.
கூலி கேட்டாள், குறைத்துக் கேட்கவில்லை.
படியிறங்கியவள் நின்று
தெருவைப் பார்த்தபடி:
‘அத வெட்டிறலயே?’
‘இல்லம்மா. மடிக்கக்கூட இல்ல.’
தலையாட்டினாளா, முக்காட்டைச் சரிசெய்தாளா,
போய்விட்டாள்.

சாயந்திரம் ஆணிகளைப் பிடுங்கி அட்டையைத் தூக்கினேன்.
கடல் ஈரத்தில் சாயம் ஊறி
அட்டையின் பின்புறத்தில்
பழுப்பாக ஐந்து விரல்.
தாளில் இடக்கை,
இங்கே வலக்கை.

புது அட்டை கைவசம் இருந்தது.
கண்ணாடியை மட்டும் மாற்றினேன்.