மூடிக் கணக்கு

ஒரு நாளைக்கு ஐந்நூறு மில்லி.
"கஞ்சி, தேத்தண்ணி, குளிசை விழுங்கிற மிடறு
எல்லாம் அதுக்குள்ளதான்" என்றா
தெல்லிப்பழைக் கிளினிக்கில் மிஸ்ஸி.
வரும் வழியில் சுன்னாகத்தில் இறங்கி
நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

காலை ஆறரை: 60.
குளிசையோடு: 30.
சுகிர்தா போனில் அழுதபிறகு, கணக்கில்லாமல்: 10.
கணக்கில்லாததையும் எழுதினேன்.

ஐயா கொப்பியைப் பார்ப்பதில்லை.
என் கையைப் பார்ப்பார்.
இருமல் மருந்துப் போத்தலின் மூடியை
விளிம்புவரை நிரப்புகிறேனா,
ஒரு மயிரிழை குறைக்கிறேனா என்று.
"காணாதடா."
"காணும் ஐயா."
எங்களுக்குள் இப்போது பேச்சென்று இருப்பது இவ்வளவுதான்.
முன்பும் பெரிதாக இருந்ததில்லை.

குப்பிழானில் நாங்கள் வெங்காயம் நட்ட காலம்
மண்ணெண்ணெய் பவுண் விலை.
ஒரு மூடி பெற்றோலைக் காட்டி, மெசினை ஏமாற்றி,
மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்.
ஒரு சொட்டு வெளியில் சிந்தாது.
எனக்குப் பதினொரு வயது. தண்ணி மாறுவது என் வேலை.
ஒரு பாத்தி நிரம்பியதும் மண்ணை வெட்டி மறித்து
அடுத்ததுக்குத் திருப்பவேண்டும்.
கிணற்றடியிலிருந்து கத்துவார்:
"காணும், மாறு!"

ஒருநாள் மண்வெட்டிப் பிடியில் சாய்ந்தபடி
நித்திரையாகிப் போனேன்.
வாய்க்கால் உடைத்து
அரைமணி நேர எண்ணெய்
பசுபதியற்றை பூசணிக்குப் போனது.
பூவரசந்தடி முறியுமட்டும் அடித்தார்.
பிறகு, முறிந்த துண்டாலும்.
இரவு அம்மா முதுகில் எண்ணெய் பூசும்போது
கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். உள்ளே வரவில்லை.
அதை மன்னித்துவிட்டாயா என்றால்
தெரியாது.
ஒருவரும் கேட்கவுமில்லை.

இப்போது அவர் கால் இரண்டும் நீர்கோத்து
விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது,
இறைத்த மறுநாள் பாத்தியில் கால் வைத்ததுபோல.
உடம்பு முழுக்கத் தண்ணி.
நாக்கு மட்டும் செத்தல் மிளகாய்.

போன கிழமை, சாமம்.
ஏதோ சத்தம். லைற்றைப் போட்டேன்.
உடம்பு துடைக்கவென்று பேசினில் ஊறவைத்த துவாயின்
நுனியைச் சப்பிக்கொண்டிருந்தார்.
என்னைக் கண்டதும்
அடி விழப்போகிறதுபோலத்
தோளைக் குறுக்கினார்.
எழுபத்தொன்பது வயதுத் தோள்.
லைற்றை நூர்த்தேன்.
இருட்டில், அவர் சப்பி முடியுமட்டும்
இருமிக்கொண்டு நின்றேன், சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்று
அவர் நினைக்கட்டுமென்று.
அதைக் கொப்பியில் எழுதவில்லை.

திங்கட்கிழமை டொக்டர் சொன்னார்:
"இனி அவர் விரும்பினதைக் குடுங்கோ."
ஐயாவுக்கும் விளங்கியது. முகத்தைச் சுவருக்குத் திருப்பினார்.

கிணற்றில் அள்ளினேன். காய்ச்சவில்லை, வடிக்கவில்லை.
செம்பு தளும்பத் தளும்ப
கொண்டுவந்தேன், நிலமெல்லாம் சிந்தி.
தலையைத் தாங்கிப் பிடித்தேன்.
இரண்டு மிடறு.
மூன்றாவது கடைவாயால் வழிந்து கழுத்துக் குழியில் நின்றது.
என் கையை மெல்ல விலக்கினார்.

"காணும்."

அடுத்த சொல்லுக்காக
செம்போடு அப்படியே நின்றேன்.

கொப்பியில் இருபத்தேழு பக்கம் மிச்சம்.
படம் கீறத் தாங்கோ என்று சின்னவள் கேட்கிறாள்.
குடுக்கலாம்.
நாளைக்கு.