நான்கு கிராம்

மிக்ஸி ஜாடி ஒன்று, கப்ளர் இரண்டு,
அடியில் போடும் ரப்பர் வாஷர் ஒன்று.
வைரக்கண்ணு, தகட்டூர்.
கூரியர் அறுபத்தைந்தும் சேர்த்துக் கட்டிவிட்டார்.

வாஷர் மட்டும் இல்லை.
கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும்,
வந்துகொண்டே இருக்கிறது.
இருந்ததை அனுப்பினோம். இல்லாததைப்
'பிறகு' என்ற பெட்டியில் போட்டுவைத்தோம்.
அப்படி ஒரு பெட்டி கடையில் கிடையாது,
திரையில் மட்டும் உண்டு,
மஞ்சள் நிறத்தில்.

இருபத்திரண்டாம் நாள் வந்தது வாஷர்.
கறுப்பு வளையம். விலை பன்னிரண்டு ரூபாய்.
ரெஜினா தராசில் வைத்தாள்.
நான்கு கிராம்.
கணினி கூசாமல் கேட்டது:
அனுப்பும் செலவு அறுபத்தைந்து.
அரைக்கிலோவுக்குக் கீழே
கூரியர்காரனுக்கு எடையே கிடையாது.
மிச்சம் நானூற்றுத் தொண்ணூற்றாறு கிராமுக்கு
மன்னார்குடிக் காற்றைக் கட்டி அனுப்பினாலும்
அதே காசுதான்.

நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள்
கணினியே அவருக்குப் பில்லும் அனுப்பியிருந்தது.

பதில் குரலில் வந்தது,
பின்னால் ஆடு கத்த.
"ஏம்மா, ஜாடி வந்து மூணு வாரம். ஒழுவுது.
துணியச் சுத்திப் புடிச்சுக்கிட்டு அரைக்கிறா எம் பொண்டாட்டி.
எங்க ஊருக்குத் தண்ணியே முறை வச்சுத்தான் வருது,
ஆறு நாள் தொறப்பு, ஆறு நாள் அடைப்பு.
அதுக்குன்னு சர்க்காரு
ரெண்டு தீர்வையா கேக்குது?"

ரெஜினா சிரித்தாள்.
எனக்கு வரவில்லை.
மஞ்சள் பெட்டியில் அவரோடு பதினொரு பேர்,
எல்லாருக்கும் அதே வாஷர்.
எழுநூற்றுப் பதினைந்து.
போனால் போகிறது என்று சொல்ல
இந்த மாத வாடகை விடாது.

இரவு விதி ஒன்று எழுத உட்கார்ந்தேன்.
'இருப்பில் இல்லாத பொருளைப் பின்னர் அனுப்பும் செலவு
வாடிக்கையாளரைச் சாரும்.'
அழித்தேன்.
'எங்களைச் சாரும்.'
அதையும் அழித்தேன்.
'எல்லாம் சேர்ந்த பிறகே அனுப்புவோம்.'
அப்படியென்றால் ஒரு வளையத்துக்காக
ஒரு ஜாடி மூன்று வாரம்
என் அலமாரியில் சும்மா உட்கார்ந்திருக்கும்,
அங்கே இட்லிக்குப் பொடிதான்.
'சாரும்' என்ற சொல்லையே
வெகுநேரம் பார்த்திருந்தேன்.
யார்மேல் சாய்வதென்று
அதற்கும் தெரியவில்லை.

மறுநாள் மேசையில் ஒரு கல்யாணப் பத்திரிகை உறை,
நான்கு மூலையிலும் மஞ்சள்.
பத்திரிகையை எடுத்துவிட்டு
வாஷரைப் போட்டேன்.
பால்பாயிண்டில் விலாசம்.
தபால் ஆபீஸ் அம்மா விரலால் அமுக்கிப் பார்த்தார்:
"மோதிரமா?"
மோதிரத்தைச் சாதாத் தபாலில் யாராவது போடுவார்களா?
ஐந்து ரூபாய் ஸ்டாம்பு.

டிராக்கிங் எண் இல்லாமல்
ஆர்டரை மூட விடாது திரை.
பூஜ்யம் போட்டேன். ஏற்கவில்லை.
அப்படியே கிடக்கட்டும் என்று விட்டேன்.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது.
திருத்துறைப்பூண்டிக்குக் கீழே பஸ் இல்லை என்றார்கள்.
ரப்பர் நனைந்தால் ஒன்றுமில்லை.
விலாசம்தான்.

எட்டாம் நாள் குரல் பதிவு ஒன்று.
பேச்சே இல்லை.
பதினேழு விநாடி மிக்ஸி ஓடுகிறது.
நின்றதும், சற்றுத் தள்ளி, ஒரு பெண்:
"ஒழுவல."

அந்தப் பில்லை ரத்து செய்யத் திறந்தேன்.
கட்டியிருந்தார்.
திட்டிய அன்றைக்கே, திட்டி முடித்த
நாலாவது நிமிடத்தில்.

அறுபத்தைந்தைத் திருப்பி அனுப்பினேன்.
ஐந்து ரூபாய் திரும்பி வந்தது,
குறிப்பில் ஒரே சொல்: ஸ்டாம்பு.

ரெஜினாவிடம் காட்டினேன்.
படித்துவிட்டுக் கேட்டாள்,
"மீதிப் பத்துப் பேருக்கு
உறை இருக்கா?"