மிச்சம் முப்பது

பொகவந்தலாவையிலிருந்து ஒரு முறைப்பாடு.
பெயர் வசந்தமாலா.
"முப்பத்தோராம் திகதி இரவு பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினேன்.
அண்ணன் பக்கத்தில்தான் இருந்தான், கேட்டுப் பாருங்கள்.
கல்லூரித் திரையில் அது முதலாம் திகதி பன்னிரண்டே கால் என்று நிற்கிறதாம்.
தாதியர் பயிற்சிக்கு நான் பிந்திவிட்டேனாம்."

ஹட்டனில் சப்பாத்துக் கடைக்கு மேலே என் அறை.
மழை மூன்றாம் நாள்.
ரவுட்டருக்கு நேர் மேலே ஒழுக்கு,
அதற்கொரு குடை பிடித்துக் கட்டியிருக்கிறேன்.

அவள் மின்னஞ்சலைப் பிரித்து அடிவயிற்றைப் பார்த்தேன்:
யாரும் படிக்காத தலைப்பு வரிகள்,
எந்தக் கணினி எந்தக் கணினிக்குக் கைமாற்றியது என்ற முத்திரைகள்,
அவற்றின் நடுவே திகதி. கிழமை, நாள், மாதம், ஆண்டு,
இருபத்து மூன்று நாற்பத்தைந்து,
கடைசியில் வால்:
கூட்டல், பூச்சியம், ஐந்து, மூன்று, பூச்சியம்.

அவள் பக்கம் எல்லாம் சரி.
சென்ற மாதத்துப் புதுப்பிப்பில் எங்களில் ஒருவர்
வாலை வெறும் எண்ணாக வாசித்திருக்கிறார். ஐந்நூற்று முப்பது.
நூறால் வகுத்திருக்கிறார். ஐந்து.
மிச்சம் முப்பதைக் கீழே போட்டுவிட்டார்.

கோத்தன்பர்க்கிலிருந்து மத்தியாஸ் கேட்கிறான்:
"அரை மணியில் முடிகிற நேர வலயமும் உண்டா?"
உண்டு என்று தட்டினேன்.
அதற்குள் குந்திக்கொண்டுதான் உன்னோடு பேசுகிறேன்.

அரை எனக்குத் தெரியும்.
மடுவத்துத் தராசு முள்
பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே நடுங்கும்,
கணக்கப்பிள்ளையின் பேனா பதினெட்டில் நின்றுவிடும்.
"கொழுந்து ஈரம்" என்பார். வெயிலிலும் ஈரம்தான்.
நிறை குறைந்தால் அரைப் பேர்.
பெரட்டுக்குப் பிந்தினால் பேரே இல்லை.
அக்கா பதினாறு வருடம் எடுத்த கொழுந்தில்
எழுதாமல் விட்ட அரைக் கிலோக்களைக்
கூட்டிப் பார்க்கலாம்தான்.
துண்டு எவரிடமும் இல்லை.

இங்கே துண்டு இருக்கிறது.
மணியைத் தனியே வெட்டு, நிமிடத்தைத் தனியே வெட்டு,
பிறகு கூட்டு. ஒரு வரித் திருத்தம்.
சோதனைக்கு ஒவ்வொன்றாய் ஊட்டினேன்:
காத்மண்டுவின் ஐந்தே முக்கால்,
நியூபவுண்ட்லாந்தின் கழித்தல் மூன்றரை,
இரண்டாயிரத்து ஆறு மார்ச்சில் யாரோ எழுதிய பழைய கடிதம் ஒன்று.
அப்போது இந்த நாட்டுக்கே வால் ஆறு.
கொழும்பு முள்ளை முன்னே தள்ளிப் பின்னே இழுத்த காலம்;
சூரியன் மட்டும் தேயிலை மேல் தன் பாட்டுக்கு வந்தது.
எல்லாம் பச்சை.
திரையில் பச்சை என்றால் தேறிவிட்டது என்று அர்த்தம்.

வசந்தமாலாவுக்கு எழுதினேன்: நீங்கள் பிந்தவில்லை.
கல்லூரிக்கும் எழுதினேன், பிழை எங்களுடையது என்று,
தலைப்பு வரிகளை அப்படியே ஒட்டி,
அடியில் என் முழுப்பெயர் போட்டு.
பொறு, வக்கீலைக் கேட்கவேண்டும் என்றான் மத்தியாஸ்.
அதற்குள் அது போய்விட்டிருந்தது,
வாலில் முப்பதோடு.

ஒன்பது நாள்
பெட்டியின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதில் என்றைக்கோ வந்திருக்கிறது,
அடியோ அடியில், பழைய குப்பைக்கெல்லாம் கீழே.
அவர்களுடைய இயந்திரம் திகதியே போடாமல் அனுப்பியிருக்கிறது.
திகதி இல்லையென்றால் எங்கள் மென்பொருள் பூச்சியம் என்று எடுக்கும்,
பூச்சியம் என்றால் கணினிகள் எண்ணத் தொடங்கும் நொடி:
ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று,
இலங்கை நேரம் விடியற்காலை ஐந்தரை.

பெரட்டு நேரம்.

"தங்கள் கடிதம் கிடைத்தது. பரிசீலிக்கப்படும்."

என் பேரிலேயே புதிய முறைப்பாடு ஒன்றைத் திறந்தேன்.
தலைப்பு: இல்லாததைப் பூச்சியம் என்று எழுதாதே.
கெடுத் திகதி கேட்டது.
வெறுமையாக விட்டால் என்ன காட்டும் என்று தெரியும்.
இன்றைய திகதியைப் போட்டேன்.