நாலு இழை

கேட்பாரற்ற பொருள்களுக்கென்று ஒரு பெட்டி உண்டு எங்கள் படகில்:
ஒற்றைக் கையுறைகள், ஒரு பல்செட்,
நாய்ச் சங்கிலி, நாயில்லாமல்.
மார்ச்சில் ஒரு துணிப்பை அதில் சேர்ந்தது.
வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்,
பாதியில் நின்ற தையல்,
மூக்கு வளைந்த சின்னக் கத்தரிக்கோல்.
மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.
நான் பதினொரு வாரம் பொறுத்தேன்.

க்வான்டாலிலிருந்து உட்னேவுக்கு இருபது நிமிடம்.
கார்களை ஏற்றி, சங்கிலி மாட்டி,
ஸ்வேலே சுடுகிற இடத்தில் ஒரு காப்பி வாங்கினால்
மீதி பதினான்கு.
சிகரெட்டை விட்டபிறகு அந்தப் பதினான்கும்
என்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன.

பிரித்துப் பார்த்துத்தான் கற்றேன்.
யாரோ போட்ட ஒரு மூலையை முதலில் அவிழ்த்தேன்,
நூல் வந்த வழியே திரும்பிப் போய்.
நாலு இழைக்கு மேல் ஐந்து தையல், தோளோடு தோள்.
திரும்பு. மறுபடி ஐந்து.
பெயர் தெரியாததால் செங்கல் என்று வைத்துக்கொண்டேன்.
செங்கல் படியாக ஏறி, இறங்கி,
புறப்பட்ட இடத்தில் வந்து முட்டினால் கணக்குச் சரி.
எனக்கு முட்டவில்லை.
எப்போதும் ஓர் இழை தள்ளி,
துறைக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும் படகு போல.

எண்ணும்போது எண்ணக் கூடாது.
இதை மட்டும் நானாகக் கண்டுபிடித்தேன்.
மூன்றாவது இழையில் வாடகை ஞாபகம் வந்தால்
நான்காவது ஐந்தாகிவிடும்.

வெட்டுவது வேறு.
தையலின் தலைமாட்டில் வெட்ட வேண்டும்;
விலாவில் வெட்டினால் செங்கலே உதிரும்.
இதையும் உதிர்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
ஜூன் இருபத்தொன்பது, மாலை ஆறு ஐந்து நடை.
நான் போட்ட சத்தத்தில்
ஒரு ஜெர்மன் குடும்பம் உயிர்காப்பு அங்கியைத் தேடியது.

ஓட்டை விழுந்த இடத்தில் மிஞ்சிய இழைகளை
நாலு நாலாகச் சேர்த்து, எட்டுப் போட்டுப் பின்னினேன்.
இறுக்கி ஒன்று. தளர்த்தி ஒன்று.
இரட்டை நூலில் ஒன்று, அது புழுபோல் தடித்தது.
ஓட்டைக்கு நடுவே நாலு பக்கமும் கொக்கி போட்டு
ஒரு கண்ணி, கோணலாக. அதற்குக் கப்பல் சன்னல் என்று பெயர்.
சிவப்பு நூலிலும் ஒன்று செய்தேன்.
பார்க்கச் சகிக்கவில்லை. பிரிக்கவும் மனம் வரவில்லை.

செப்டம்பரில் ஆப்பிள் லாரி ஓட்டுகிறவன் மேலே வந்தான்.
சட்டையில் ஸ்டைனுல்வ் என்று அச்சடித்திருந்தது.
“அது என் துணி.”
கையில் ஊசியோடு பிடிபட்டவள் என்ன சொல்ல?
நீட்டினேன்.
என் பிழைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனான்,
டயரில் ஆணி தேடுகிறவன் மாதிரி.
சிவப்பில் விரல் நின்றது.
“எண்ணுவதெல்லாம் வரும். வெட்டத்தான் கை வரவில்லை.
அதனால் மறந்துவிட்டேன்.”
அதனால் என்றானா, அதையே என்றானா,
எஞ்சின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை.

கப்பல் சன்னலுக்குப் புறாக்கண் என்று பெயராம்.
செங்கலுக்கு மடம் என்றான்.
எனக்குச் செங்கலே போதும்.

துறை வந்துவிட்டது. கீழே அவன் லாரிக்குப் பின்னால்
மூன்று கார்கள் ஹார்ன் அடித்தன.
துணியை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.
கத்தரிக்கோலை எடுக்கவில்லை.
மேசையில் வைத்து, பிடியை என் பக்கம் திருப்பிவிட்டு
இறங்கிப் போனான்.

அடுத்த நடைக்கு இரண்டே கார்.
பெட்டியைக் கிளறினேன்.
மே மாதம் யாரோ விட்டுப்போன சமையல் துவாலை,
மீன் வாடை, நெசவு சுமார்.
ஊடு எது, பாவு எது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நகர்த்தினேன்.
பதினேழாவது இழையில் உட்னே வந்தது.
சங்கிலியை அவிழ்க்கப் போனேன்
பதினேழு, பதினேழு என்று சொல்லிக்கொண்டே.