கடைசி வண்டி

ஞாயிறு விடிகாலை ஐந்தே முக்கால்.
சிலிம் ரிவர் பெட்ரோல் நிலையத்தில்
ஆறு மோட்டார், என்னோடு ஏழு.
சத்தியசீலன் காற்றுப் பார்க்கிறான்,
பார்த்த டயரையே மறுபடியும் பார்க்கிறான்.
ஹஸ்ரின் கவிழ்த்த ஹெல்மட்டின் மேல்
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கிறான்.

புது மேலங்கி வந்திருக்கிறது.
முதுகில் ‘சிறுத்தை மோட்டார் கிளப்’ என்று இருக்கவேண்டும்.
தைத்தவர் ஐகாரத்தை விட்டுவிட்டார்.
சிறுத்த மோட்டார் கிளப்.
“நம்ம எண்ணிக்கைக்குப் பொருத்தந்தான்” என்கிறாள் தமயந்தி.
போன வருசம் பதினெட்டுப் பேர்.
பிறகு வண்டித் தவணை, கைக்குழந்தை, சிங்கப்பூர் வேலை,
ஒருவனுக்கு முட்டி.

என் வண்டி நூறு சிசி.
அதனால் எனக்குக் கடைசி இடம்.
யாராவது நின்றால் நிற்பது,
விழுந்தால் எடுப்பது,
எல்லாரும் வந்தாச்சா என்று எண்ணுவது.
எண்ணித்தான் சம்பளமே வாங்குகிறேன்:
திங்கள் முதல் சனி வரை செம்பனை ஆலையின் எடைமேடையில்
லோரி உள்ளே வரும்போது ஒரு எடை,
வெளியே போகும்போது ஒரு எடை,
கழித்தால் குலை.

பேராங் தாண்டியதும் வெயில்
மட்டைகளுக்கிடையே கீற்றுக் கீற்றாய் விழுந்து
கண்ணாடியில் துடித்தது.
பேச முடியாது, காற்று வாயை அடைக்கும்.
அதற்குத்தான் கைகள்.
முன்னால் போகும் சத்தியசீலன்
இடது கையைத் தாழ்த்தித் தரையைக் காட்டினால் பள்ளம்.
விரல்களை உதறினால் மணல்.
தலையில் தட்டினால் போலீஸ்.
தமயந்தி வாங்கி லோகேந்திரனுக்குத் தருவாள்,
அவன் ஹஸ்ரினுக்கு, ஹஸ்ரின் ஆ ஹோக்குக்கு,
ஆ ஹோக் மறந்துபோய்க் கையை ஆட்டிவிட்டு
பிறகு ஞாபகம் வந்து காட்டுவான்.
என்னிடம் வருவதற்குள்
சில நேரம் பள்ளம் முந்திக்கொள்ளும்.

எனக்குப் பின்னால் யாரும் இல்லை.
ஆனாலும் கை தாழ்ந்துவிடும்.
வெறும் ரோட்டுக்குப் பள்ளத்தைக் காட்டுவேன்.
“யாருக்குக்கா சிக்னல், பேய்க்கா?”
போன பயணத்தில் லோகேந்திரன் கேட்டதற்கு
இன்னும் பதில் சொல்லவில்லை.

களும்பாங் வளைவில் முன்னால் போன லோரி
ஒரு குலையை உதிர்த்துவிட்டுப் போனது.
இருபத்திரண்டு கிலோ, கண்ணாலேயே சொல்வேன்.
ரோட்டு நடுவில், முள்ளும் சிவப்புமாய்,
பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.
ஆறு கைகள் வரிசையாய்த் தாழ்ந்தன.
ஏழாவது என் கை.
பிறகு பழக்கத்தில் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.

எட்டாவதாய் ஒரு கை.

என்னுடையதைவிடப் பழைய கப்சாய்.
ஓட்டுகிறவனுக்குப் பதினேழு இருக்கலாம்,
பள்ளி விளையாட்டுச் சட்டை, தோள் கிழிந்தது.
பின்னால் அவன் அம்மா.
பாசார் கூடையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு
அவளும் குனிந்து தரையைக் காட்டினாள்,
குலையைத் தாண்டி ரொம்ப தூரம் போன பிறகு,
சிரிக்காமல்.

எங்கிருந்து வருகிறார்களோ.
தஞ்சோங் மாலிமிலிருந்தா, அதற்கும் முன்பா?
வளைவுக்கு வளைவு கண்ணாடியில் இல்லாமல் போய்
நேர் ரோட்டில் திரும்ப முளைத்தார்கள்.
நான் மணல் என்றேன், அவன் மணல் என்றான்.
இல்லாத பள்ளம் ஒன்றையும் காட்டிப் பார்த்தேன்.
அதையும் வாங்கிக்கொண்டான்.
வெட்கமாகப் போய்விட்டது.

கெர்லிங் தாண்டி ஒரு தோட்டத்துச் சந்தில் திரும்பிவிட்டார்கள்.
மெலிசாய் ஒரு ஹாரன்.
செம்மண் தூசு கொஞ்ச நேரம் நின்றது.

கோலகுபு பாருவில் கடை வாசலில் வண்டிகளைச் சாய்த்தோம்.
“எத்தனை தே தாரேக்கா?”
“எட்டு” என்றேன்.
“ஏழுதானே?”
ஏழுதான். ஆனால் கடைக்காரர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.
மிச்சத்தை லோகேந்திரன் குடித்தான், காசு நான் கொடுத்தேன்.

மலைமேல் மேகம் இறங்கியிருந்தது.
தமயந்தி மழைக்கோட்டைத் தேடினாள், கிடைக்கவில்லை.
சத்தியசீலன் மறுபடியும் டயரைப் பார்த்தான்.
சிறுத்த, சிறுத்த, சிறுத்த என்று
ஆறு முதுகுகளையும் எண்ணி முடித்து,
கண்ணாடியை ஒரு விரலளவு
வெளிப்பக்கம் திருப்பிவிட்டுக்
கிளம்பினேன்.